வாசலில் பிரித்த மாருதி: ஹெட் கேஸ்கட் மாற்றிய அனுபவம்

ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதும் நாம் எல்லோரும் கேட்பது "எவ்வளவுங்க ஆகும்?" என்றுதான். அதற்கு முன்னால் "எதனாலங்க போச்சு?" என்று கேட்டுவிட்டால் பாதிச் செலவு மிச்சம். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடுதான் இந்தக் கேஸ்கட். அது தானாகப் போவது அபூர்வம். எஞ்சின் எங்கோ ஒரு நாள் கொதித்திருக்கும், அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் லேசாக வளைந்திருக்கும், நடுவில் அழுத்திப் பிடித்திருந்த கேஸ்கட் இளகி ஓர் ஓரத்தில் எரிந்திருக்கும். கொதித்த காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால் அதுவும் போன வழியே போகும்.

எங்கள் வண்டி 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வைத்தது. புளியம்பட்டி மாமா பல வருடம் ஓட்டிவிட்டு, "எனக்கு இனி எக்ஸ்எல் வண்டி போதும் கண்ணு, இத நீயே வெச்சுக்க" என்று கொடுத்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, அவற்றைத் திறந்து மூட ஒரே கேம்ஷாஃப்ட், அதை ஓட்ட ஒரு டைமிங் பெல்ட். இவ்வளவுதான் எஞ்சின். 2014 ஜனவரியோடு மாருதி 800 தயாரிப்பு நின்றுவிட்டாலும், சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்கூட இதற்குச் சாமான் கிடைக்கிறது. வீட்டில் வைத்து வேலை பழக வேண்டும் என்றால் இதைவிடத் தோதான எஞ்சின் எனக்குத் தெரிந்து இல்லை.

மாமா பையன் ஒரு விசேஷத்துக்காக இதை எடுத்துக்கொண்டு தாளவாடி போனான். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறுவதற்குள் போன் வந்துவிட்டது. "மச்சா, டெம்பரேச்சர் முள்ளு மேல போயி ஒட்டிக்கிச்சு, பானட்டுல ஆவி வருது." இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிற புலிகள் காப்பகச் சாலை அது. இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும் என்ற அவசரத்தில் சூடு ஆறுவதற்கு முன்பே பச்சைத் தண்ணீரை ஊற்றி வண்டியை இறக்கிக் கொண்டுவந்துவிட்டான். காய்ந்துகிடந்த எஞ்சினில் திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் வளையலாம், விரிசலும் விடலாம். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த இடத்தில் யானையா, ஹெட்டா என்றால் யாரும் ஹெட்டைத்தான் விட்டுக்கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்த வண்டி ஓடத்தான் செய்தது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதலில் ஒரு சிலிண்டர் அடிக்காமல் உதறும், பிறகு சரியாகும். சைலன்சரில் வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் தண்ணீர் குறையும், தரையில் மட்டும் சொட்டு இருக்காது. இந்த மூன்றும் சேர்ந்தாலே சந்தேகப்படலாம். ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஹெட்டைக் கழட்டக் கூடாது.

செலவில்லாமல் பார்க்கக்கூடிய சோதனை இது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே அடைபட்டிருந்த காற்று முதலில் கொஞ்சம் குமிழி விடும், அது போகட்டும். அதன் பிறகும் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குமிழி நிற்காமல் வந்தால், சிலிண்டரில் எரிகிற வாயு தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது என்று அர்த்தம். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்ப்பதும் உதவும். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறும் முன்பே ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் அதுவும் இதே கதைதான். அடுத்து ஸ்பார்க் பிளக். மூன்றையும் கழட்டி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கழுவி எடுத்தது போலச் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் நீராவி போயிருக்கிறது. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள 2 சிலிண்டரிலும் அளவு சேர்ந்து குறைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். எங்கள் வண்டியில் இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான் இருந்தன.

டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயிலுக்குள் போகிறது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்ணிறப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். மார்கழிக் குளிரில் கடைக்கும் வீட்டுக்குமாகச் சின்னச் சின்னத் தூரம் ஓடுகிற வண்டிகளில் ஆவி படிந்து அப்படி ஆவது வழக்கம்தான். இதைக் காட்டியே ஹெட் கழட்ட வைத்த கதைகளும் உண்டு.

இடையில் பக்கத்துத் தோட்டத்து அப்பாரு ஒரு வைத்தியம் சொன்னார். "ஒரு கை மஞ்சத்தூள் போட்டு ஓட்டுப்பா, அடச்சுக்கும்." ரேடியேட்டரில் ஊசி முனை ஓட்டை என்றால் மஞ்சள்தூள் உண்மையிலேயே தற்காலிகமாக அடைக்கும். அந்தக் காலத்து லாரி டிரைவர்களுக்கெல்லாம் தெரிந்த உபாயம் அது. ஆனால் ரேடியேட்டரில் இருக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூடக் கிடையாது. சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது வருவது அதைப் போலப் பல பத்து மடங்கு. அதை ஈரோட்டு மஞ்சளாலும் பிடித்து நிறுத்த முடியாது. டப்பாவில் விற்கிற "ஸ்டாப் லீக்" சரக்குகளைப் பற்றியும் எனக்கு இதே அபிப்பிராயம்தான். போதாததற்கு அவை ஏற்கெனவே பாதி அடைத்துக் கிடக்கிற ரேடியேட்டரை முழுதாக அடைத்துவிடும்.

வெளியில் ஒரு பட்டறையில் விசாரித்ததற்குப் பன்னிரண்டாயிரம் சொன்னார்கள். "ஹெட்டை ஃபேஸிங் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். வளைந்த முகத்தைச் சீவிச் சமமாக்குவதுதான் ஃபேஸிங். "தேவைப்பட்டாப் பாத்துக்கலாங்க" என்று பதில். ரேடியேட்டர் பற்றிப் பேச்சே இல்லை. அப்போதுதான் நாமே பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கூலியை மிச்சம் பிடித்து, அந்தக் காசை லேத் பட்டறைக்கும் ரேடியேட்டர் கடைக்கும் கொடுப்பது என்று கணக்கு.

பிரிப்பதற்கு நல்ல 10, 12, 14, 17 ரிங் ஸ்பேனர்களும் சாக்கெட் செட் ஒன்றும் வேண்டும். டபாரியா மாதிரி ஒரு நல்ல செட் வாங்கினால் அடுத்த தலைமுறைக்கும் வரும். வாய் விரிந்த ஸ்பேனரை வைத்து மேனிஃபோல்டு நட்டின் முனையை மழுக்கிவிட்டால், அதற்கப்புறம் வெல்டிங்காரர்தான் வர வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கத்து நட்டுகளுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கிலோ. நம்ம ஊரில் பிறந்ததற்கு இந்த ஒரு வசதி உண்டு.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழட்டிவிட்டுத்தான் கையே வைக்க வேண்டும். கூலண்டை அகலமான பாத்திரத்தில் பிடியுங்கள், தரையில் விடாதீர்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தோட்டத்து வாசலில் நாய், ஆடு, கன்றுக்குட்டி எது வேண்டுமானாலும் வந்து நக்கும். இதைப் பலர் யோசிப்பதில்லை.

ஏர் கிளீனர், ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், பெட்ரோல் ஹோஸ், வேக்குவம் குழாய்கள் என்று கழட்டக் கழட்ட எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதினேன். கார்புரேட்டரைச் சுற்றி இருக்கும் சின்னக் குழாய்கள்தான் தலைவலி. எந்தக் குழாய் எந்த மூக்கில் போகிறது என்பது பூட்டும்போது கண்டிப்பாக மறந்துபோகும். போனில் படம் எடுத்தால் மட்டும் போதாது. படத்தில் எல்லாக் குழாயும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். போல்ட்டுகளுக்கு ஒரு பழைய அட்டைப் பெட்டியை எடுத்து, எஞ்சின் வடிவத்தை அதில் வரைந்து, கழட்டிய போல்ட்டை அதனதன் இடத்தில் குத்தி வைத்துவிட்டேன். நீளமான போல்ட்டும் குட்டை போல்ட்டும் மாறிப் போனால் பிளாக்கின் மரையே போய்விடும்.

டைமிங் பெல்ட்டைக் கழட்டும் முன் கிராங்க் மார்க்கும் கேம் மார்க்கும் நேராக நிற்கும்படி திருப்பி வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதன் உடம்பில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அதன் பிறகு பெல்ட் இல்லாமல் எதையும் சுற்றக் கூடாது. பழைய பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம்.

வால்வ் கவரைத் திறந்தால் ஹெட் போல்ட் எட்டும் தெரியும். கழட்டும்போது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இளக்க வேண்டும். ஒரே போல்ட்டை முழுதாகக் கழட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் முறுக்கிக்கொள்ளும். போல்ட் எல்லாம் வந்த பிறகும் ஹெட் அசையாது. கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருக்கும். இடுக்கில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியத்தில் பள்ளம் விழுந்து, நல்ல ஹெட்டும் பாழ். மேனிஃபோல்டைப் பிடித்து ஆட்டி, ஒரு மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் விட்டுவிடும். மேனிஃபோல்டோடு சேர்த்தே தூக்கினோம். இரண்டு பேர் தாராளமாகப் போதும்.

கேஸ்கட்டைப் பார்த்தவுடன் விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் உள்ள குறுகலான இடத்தில் கறுப்பாக ஒரு பாதை. ஆனால் என் கண் போனது தண்ணீர்ப் பாதைகளின் மேல். ஹெட்டிலும் பிளாக்கிலும் ஓட்டைகளின் வாயில் வெள்ளையும் செம்பழுப்புமாகப் பாறை போல உப்புப் படிந்திருந்தது. ஒன்றிரண்டு ஓட்டைகள் பாதியாகச் சுருங்கியிருந்தன.

ஹெட்டைத் தூக்கிக்கொண்டு சத்தி ரோட்டிலேயே நேராகக் கோயமுத்தூர் கணபதிக்குப் போனேன். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கமெல்லாம் சந்துக்குச் சந்து லேத் பட்டறைகள். மோட்டார் பம்புக்கும் மில் சாமான்களுக்கும் வேலை செய்து கை பழகியவர்கள். ஹெட் ஃபேஸிங் அவர்களுக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. பட்டறைக்காரர் அளப்பதற்கு முன்னால் ஹெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் தம்பி, இதுக்கு எந்தூருத் தண்ணி ஊத்துனீங்க?"

"மாமா வண்டிங்ணா. புளியம்பட்டி போர் தண்ணிதான் ஊத்தியிருப்பாரு."

"அதான் பாருங்க. கேஸ்கட்டு மேல பழி போடாதீங்க."

நேர்ப்பட்டை ஒன்றை ஹெட்டின் முகத்தில் நிறுத்தி அடியில் ஃபில்லர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பார்ப்பதுதான் அளக்கும் முறை. நீளவாக்கில் இரண்டு ஓரம், குறுக்கே இரண்டு முனை, அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு. ஆறு இடத்திலும் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. ஒரு தினசரிப் பேப்பர் தாளின் கனத்தைவிடக் குறைவு அது. கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். எங்களுடையது மூலைக்கு மூலை அதைத் தாண்டியிருந்தது. ஃபேஸிங்குக்கு முன் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். வால்வுகளுக்கு நடுவில் விரிசல் இருந்தால் ஃபேஸிங் காசு வீண். அந்த நிலையில் பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் நல்ல ஹெட் ஒன்றைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். நல்லவேளை, விரிசல் இல்லை. ஃபேஸிங் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக எடுக்கச் சொல்லுங்கள். சீவச் சீவக் கம்ப்ரஷன் ஏறும், அளவு மீறினால் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும்.

வால்வும் அது உட்காரும் சீட்டும் கசியாமல் பொருந்தும்படி தேய்க்கிற வால்வ் லேப்பிங்கை வீட்டிலேயே செய்தேன். பேஸ்ட் டப்பாவும் ரப்பர் கப் வைத்த குச்சியும் மலிவு. கையில் உருட்டி உருட்டித் தேய்த்தால் வால்விலும் சீட்டிலும் சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழ வேண்டும். முடித்ததும் பேஸ்ட்டை ஒரு துகள் விடாமல் கழுவிவிட்டு, வால்வுகளையும் பிளக்கையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, குழியில் பெட்ரோல் ஊற்றி வைத்தால் தெரிந்துவிடும். போர்ட் பக்கம் ஈரம் கசியக் கூடாது. இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. வால்வ் ஸ்டெம் சீல்கள் கேஸ்கட் செட்டோடு வரும், அவற்றையும் அப்போதே மாற்றிவிடலாம்.

பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பளபளவென்று ஆகும், கூடவே முகமும் மேடு பள்ளமாகும், உதிர்ந்த துகள் சிலிண்டருக்குள்ளும் போகும். சிலிண்டர்களில் துணியை அடைத்துவிட்டு, தட்டையான பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினாலே போதும். ஹெட் போல்ட் இறங்கும் ஓட்டைகளை மறக்கக் கூடாது. அதில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட்டை இறுக்கும்போது திரவம் அமுங்க வழியில்லாமல் பிளாக்கே பிளக்கலாம். அப்படி நடக்காவிட்டாலும் ரென்ச் காட்டும் அளவு பொய்யாகிவிடும். நீள மூக்கு வைத்த காற்றுக் குழாயால் ஊதி, துணியைத் திரித்து விட்டு ஒற்றி எடுத்தேன்.

கேஸ்கட்டை எந்தப் பக்கம் மேலே வைப்பது என்று அதிலேயே குறி இருக்கும். ஆயில் போகும் ஓட்டையும் தண்ணீர் ஓட்டைகளும் பிளாக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று இரண்டு தடவை பாருங்கள். ஆயில் ஓட்டை மூடிக்கொண்டால் மேலே கேமுக்கு ஆயில் ஏறாது. ஹெட் கேஸ்கட்டுக்கு அனபாண்ட் பசை தடவக் கூடாது. "கொஞ்சம் தடவுனா சேஃப்டிங்க" என்று கடையில் சொல்வார்கள். பசை பிதுங்கி ஆயில் பாதையை அடைக்கும். காய்ந்த முகம், காய்ந்த கேஸ்கட், அவ்வளவுதான்.

இந்த வேலையிலேயே உயிர்நாடி போல்ட் இறுக்குவது. 5.5 முதல் 6 கிலோகிராம்-மீட்டர் (kg-m) வரை டார்க், அதாவது முறுக்கு விசை, வைக்க வேண்டும். இரவல் வாங்கிய டார்க் ரென்ச் பழசு, அதன் அளவை நம்ப முடியவில்லை. அதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு வழி இருந்தது. வாழைத்தார் எடை போடும் கொக்கித் தராசு. கணக்கு எளிது. போல்ட்டின் நடுவிலிருந்து கைப்பிடியில் சரியாக 50 செ.மீ. தள்ளி ஒரு குறி போட்டு, அங்கே தராசை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்தால், தராசு 12 கிலோ காட்டும்போது போல்ட்டில் விழுவது 6 கிலோகிராம்-மீட்டர். 4 கிலோ இழுத்தால் 2, 8 இழுத்தால் 4. இப்படி வைத்துப் பார்த்ததில் இரவல் ரென்ச் கொஞ்சம் அதிகமாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி இறுக்கியிருந்தால் போல்ட் இளக்கமாக நின்றிருக்கும். ஆகவே ரென்ச்சை வெறும் கைப்பிடியாக மட்டும் வைத்துக்கொண்டு தராசாலேயே வேலையை முடித்தோம். மாமா பையன் இழுக்க, நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றி, முதல் சுற்று 2, அடுத்தது 4, கடைசிச் சுற்றில் முழு அளவு. கடக் கடக் என்று வெட்டி இழுக்கக் கூடாது, ஒரே சீராக இழுக்க வேண்டும்.

இந்த அளவுகள் இந்த எஞ்சினுக்கு மட்டும்தான். பல புது எஞ்சின்களில் டார்க் வைத்த பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று இருக்கும். அந்த மாதிரி போல்ட்டுகளைக் கழட்டினால் புதிதாகத்தான் போட வேண்டும். சில டீசல் எஞ்சின்களில் கேஸ்கட்டே பல கனத்தில் வரும், பழையதில் இருக்கும் ஓட்டை அல்லது வெட்டுக் குறியைப் பார்த்து அதே கனத்தில் வாங்க வேண்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் இந்த இடத்துக்கு வராதீர்கள்.

டைமிங் பெல்ட்டைப் போட்ட பிறகு பிளக் இல்லாத நிலையில் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, கையாலேயே முழுசாக 2 சுற்று சுற்றினேன். எங்கேயும் முட்டாமல் சுற்றி, மார்க்குகள் பழைய இடத்துக்கே வந்து நின்றால் சரி. டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில்), எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டர் வைத்தேன்.

இனி காரணத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் என்பது சாதாரணம். அத்திக்கடவுத் தண்ணீர் குளங்களுக்கு வரத் தொடங்கிவிட்டது உண்மைதான், ஆனால் வீட்டுக் குழாயில் வரும் போர் தண்ணீரின் உப்பு அப்படியேதான் இருக்கிறது. பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் எஞ்சினுக்குள்ளும் நடக்கிறது. அங்கே யாரும் தேய்த்துக் கழுவுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உப்புப் படலம் சூட்டைச் சரியாகக் கடத்தாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும். எங்களுடையது பழைய பித்தளை ரேடியேட்டர், மேல் தொட்டியைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்ய முடிந்தது. அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி என்றால் அந்த வேலை நடக்காது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்த ஆச்சரியம், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத வால்வு) இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மாமா எப்போதோ வேலைக்கு விட்ட ஒரு பட்டறையில் "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க" என்று கழட்டி எறிந்திருக்கிறார்கள். நம்ம பக்கம் இது ஒரு வியாதி மாதிரி பரவியிருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராமல் ஓடும், பெட்ரோல் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் அதிகம். இதைவிட மோசம், நோயை மறைத்துவிடும். சமவெளியில் அவிநாசிக்கும் அன்னூருக்கும் ஓட்டும் வரை முள் கீழேயே கிடக்கும், அடைத்த ரேடியேட்டரும் சமாளித்துக்கொண்டிருக்கும். முதல் கியரில் மலை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். புதிதாக 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வாங்கி, அடுப்பில் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, அது உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பூட்டினேன்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். அது வெறும் மூடி இல்லை, ஒரு வால்வு. 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் உள்ளே வெறும் தண்ணீரே 119 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போன மூடி என்றால் 100 டிகிரியிலேயே பொங்கும். ஃபேன் தெர்மோ சுவிட்சை யாராவது நீக்கிவிட்டு டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்திருந்தால், அதையும் பழையபடி ஆட்டோமேட்டிக்காக மாற்றிவிடுங்கள். சுவிட்ச் போட மறப்பது மனுஷ சுபாவம்.

கூலண்டுடன் கலப்பதற்கு பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று போதும். இந்த வண்டிக்கு மொத்தமே நாலு லிட்டருக்குள்தான் பிடிக்கும்.

செலவு கணக்கு ஏறக்குறைய இப்படி வந்தது: கேஸ்கட் செட் 900, லேத்தில் ஃபேஸிங், சோதனை, சீட் வேலை எல்லாம் சேர்த்து 1,500, டைமிங் பெல்ட் 500, ஆயிலும் ஃபில்டரும் 1,500, கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர் 700, ரேடியேட்டர் வேலை 800, தெர்மோஸ்டாட், மூடி 600, பேஸ்ட், ஸ்பிரே, வேஸ்ட் துணி போன்ற சில்லறை 300. கடைக்குக் கடை விலை மாறும். ஆயில் செலவு கூடுதலாகத் தெரிகிறதே என்றால் காரணம் உண்டு. தண்ணீர் கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் முதலில் மலிவான ஆயிலை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதை இறக்கிவிட்டு, அப்புறம்தான் நல்ல ஆயிலும் ஃபில்டரும் போட்டேன்.

முதல் ஸ்டார்ட்டில் புகை பயமுறுத்தும். சைலன்சருக்குள் தேங்கிய தண்ணீர், ஹெட்டில் ஒட்டியிருந்த எண்ணெய் எல்லாம் எரிந்து வெளியேறும் வரை வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும். நன்றாகச் சூடேறிக் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு நின்றுவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, மட்டம் இறங்க இறங்கக் கூலண்டை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஃபேன் தானாகச் சுற்றி நின்ற பிறகுதான் மூடியைப் போட்டேன். ஓடிய வண்டியில் அந்த மூடியைச் சூட்டோடு திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். குளிர்ந்த பின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். கேஸ்கட் செட்டோடு வரும் தாளில் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும் செய்யுங்கள், சில கேஸ்கட்டுகளுக்கு அது கூடாது.

முதல் சில வாரம் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலண்ட் மட்டத்தையும் டிப் ஸ்டிக்கையும் பார்த்துவிடுவேன். ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கும், அது உள்ளே இருந்த காற்று வெளியேறிய கணக்கு. ஒருமுறை நிரப்பிய பிறகு அதே கோட்டில் நின்றால் சரி. விடாமல் இறங்கிக்கொண்டே இருந்தால் பழைய குமிழிச் சோதனையைத் திரும்பவும் செய்ய வேண்டும்.

இப்போது மாமா பையன் தன் ஆம்னியையும் பிரிக்கலாம் என்கிறான். அதிலும் இதே 796 சிசி குடும்பம்தான், ஆனால் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைக் கழட்டிவிட்டுக் குனிந்துகொண்டே மேனிஃபோல்டு நட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டும். முதலில் ரேடியேட்டரைக் கழட்டிக் கொண்டுபோய் உப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.